காய்ச்சல் காட்டாத தொற்று
லூபஸ் உள்ள கர்ப்பிணித் தாய்மாரும் அவர்கள் வீட்டாரும் அறிய வேண்டியவை



கர்ப்பிணித் தாய்மாரின் சுகத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கிறோம். இரத்தச் சோகை, திரிபோஷா, கிளினிக் நாள் என்று எல்லாருக்கும் பொதுவான விஷயங்களையே அதிகம் எழுதினோம். இந்த முறை எழுதப்போவது கொஞ்சம் பேருக்கு மட்டும் உள்ள ஒரு வருத்தத்தைப் பற்றியது. ஒரு தோட்டத்தில் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். சில டிவிசன்களில் ஒருவருமே இல்லாமலும் இருக்கலாம்.

பிறகு ஏன் இதை எல்லாருக்கும் எழுதுகிறீர்கள் என்று கேட்பீர்கள். அந்த ஒருவரின் வீட்டாருக்கும், பக்கத்துக் காம்பராக்காரருக்கும், மலையில் கூட நின்று கொழுந்து எடுப்பவர்களுக்கும், எங்களுக்கும் ஒரு விஷயம் தெரியாமல் போனது. அதனால் ஒரு தாயும் வயிற்றுப் பிள்ளையும் எங்கள் கண் முன்னாலேயே போகப் பார்த்தார்கள். அதில் எங்கள் பிழையும் இருந்தது. அதை மறைக்காமல் சொல்வதே நல்லது.

நடந்தது என்ன?

2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம். விடாத மழை. ஒரு வியாழக்கிழமை பின்னேரம், கொழுந்து நிறுத்துவிட்டு ஒரு தங்கச்சி எங்கள் நலன்புரி அலுவலகத்துக்கு வந்தாள். வயது 27. ஆறு மாதக் கர்ப்பிணி. நாலு வருடமாக லூபஸ் என்ற வருத்தத்துக்குப் பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் மருந்து எடுக்கிறவள்.

"காய்ச்சல் ஒண்ணும் இல்லீங்கய்யா. ரெண்டு நாளா ஒரு பக்கம் இடுப்பு வலிக்குது. ஒண்ணுக்கு அடிக்கடி வருது. உடம்பு ஒரு மாதிரி சோர்ந்து போகுது" என்றாள்.

நாங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தோம். சூடு இல்லை. "முழுகாம இருக்கிற நேரம் இடுப்பு வலி எல்லாருக்கும் வாறதுதானேம்மா. திங்கட்கிழமை கிளினிக் இருக்குது, அன்னைக்கிப் போய்க் காட்டுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

சனிக்கிழமை இரவு பன்னிரண்டு மணிக்கு அவள் புருசன் லயத்திலிருந்து ஓடி வந்து கதவைத் தட்டினான். அவளுக்குப் பல்லோடு பல் அடிக்கும் குளிர் நடுக்கம். மூச்சு வேகமாக வாங்கியது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் சொன்னாள். தோட்ட லொறியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிறுநீரில் உண்டான தொற்று சிறுநீரகத்துக்கு ஏறி, அங்கிருந்து இரத்தத்திலும் கலந்துவிட்டது என்று வைத்தியர்கள் சொன்னார்கள்.

"வியாழக்கிழமை காய்ச்சல் இருக்கவில்லையே டொக்டர்" என்றோம்.

"இவர் எடுக்கிற மாத்திரை காய்ச்சலை மூடி வைத்துவிடும். லூபஸ் உள்ள கர்ப்பிணிக்குக் காய்ச்சல் வரும்வரை காத்திருக்கக் கூடாது" என்று அவர் சொன்னார்.

அந்த வார்த்தைக்காகத்தான் இந்தக் கட்டுரை.

லூபஸ் என்றால் என்ன?

நமது உடம்புக்குள் நோய் எதிர்ப்புச் சக்தி என்று ஒன்று உண்டு. தொழிற்சாலைக்கு இரவு வாச்சர் இருப்பது போல உடம்புக்கு அது காவல். கிருமி என்ற கள்ளன் உள்ளே வந்தால் பிடித்து அடிப்பது அதன் வேலை. லூபஸ் வருத்தத்தில் இந்த வாச்சருக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போய்விடுகிறது. வீட்டு ஆட்களையே கள்ளன் என்று நினைத்து அடிக்கிறான். அதனால் மூட்டுகள் வீங்கி வலிக்கும். வெயில் பட்டால் இரு கன்னத்திலும் மூக்கிலும் வண்ணத்திப்பூச்சி வடிவில் சிவந்து தடிக்கும். தலைமயிர் கொட்டும், வாயில் புண் வரும், உடம்பு ஓய்ந்து போகும். சிலருக்குச் சிறுநீரகமும் தாக்கப்படும். அப்போது கால் வீங்கும், சிறுநீர் நுரைத்துப் போகும்.

ஆஸ்பத்திரிக் கொப்பியில் இதை எஸ்.எல்.ஈ. என்று எழுதுவார்கள். வருத்தக்காரர் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் பெண்கள். அதிலும் பிள்ளை பெறும் வயதிலேயே அதிகம் வருகிறது. இது தொட்டால் ஒட்டும் நோய் அல்ல. செய்வினையும் அல்ல. ஒரே பீங்கானில் சாப்பிட்டாலும் ஒரே பாயில் படுத்தாலும் மற்றவருக்கு வராது. லூபஸ் உள்ள பெண் கலியாணம் செய்யலாம், பிள்ளையும் பெறலாம். ஆனால் வைத்தியரோடு பேசி, நேரம் பார்த்து, கவனமாகப் பெற வேண்டும்.

தொற்று ஏன் இவர்களுக்கு எளிதில் வருகிறது?

மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேருகின்றன.

முதலாவது, நோய். வீட்டு ஆட்களை அடிப்பதிலேயே பொழுதைக் கழிக்கும் வாச்சர், உண்மையான கள்ளனைக் கோட்டை விடுகிறான். சிறுநீரகம் தாக்கப்பட்டவர்களுக்குக் கிருமியோடு போராடும் புரதச் சத்தும் சிறுநீரோடு வெளியே போய்விடுகிறது.

இரண்டாவது, மருந்து. வாச்சரின் மூர்க்கத்தை அடக்க வைத்தியர்கள் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் மாத்திரையும், சிலருக்கு அசதயோபிரின் போன்ற மாத்திரையும் கொடுக்கிறார்கள். இவை உயிர் காக்கும் மருந்துகள். ஆனால் வாச்சரை அடக்கும்போது அவனுக்குக் கொஞ்சம் தூக்கமும் வரத்தான் செய்யும். ஸ்டீரொய்டின் அளவு கூடக் கூட தொற்று வரும் பயமும் கூடும். இன்னுமொன்று, ஸ்டீரொய்ட் இரத்தத்தில் சீனியை ஏற்றும். சீனி ஏறிய உடம்பில் கிருமிக்குக் கொண்டாட்டம்.

மூன்றாவது, கர்ப்பம். வளரும் கருப்பை சிறுநீர்க் குழாயை அழுத்துகிறது. சிறுநீர் ஓடாமல் தேங்குகிறது. தேங்கின தண்ணீரில் பாசி பிடிப்பது போல அங்கே கிருமி வளர்கிறது. வயிறு மேலே தள்ளுவதால் நெஞ்சு முழுக்க மூச்சு எடுக்கவும் முடியாது. அதனால் சளிக்காய்ச்சல் வந்தால் கர்ப்பிணிக்கு மற்றவர்களை விடக் கடுமையாக அடிக்கும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். காய்ச்சல் என்பது வாச்சர் ஊதுகிற விசில். கள்ளன் வந்துவிட்டான் என்று ஊருக்குச் சொல்வது அதுதான். ஸ்டீரொய்ட் எடுப்பவர்களில் கள்ளன் உள்ளே வந்த பிறகும் விசில் மெதுவாகவே கேட்கும். சில நேரம் கேட்கவே கேட்காது. நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று நாங்கள் சொன்னது எவ்வளவு பெரிய பிழை என்று இப்போது உங்களுக்கும் விளங்கும்.

மாத்திரையை நிறுத்தியதில் தொடங்கிய வினை

அந்தத் தங்கச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வைத்தியர் பழைய கொப்பியைப் பார்த்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். அப்போதுதான் முழுக் கதையும் வெளியே வந்தது.

மூன்றாம் மாதம் மாமியார் மாத்திரை உறையைப் பக்கத்துக் காம்பராப் பையனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். ஹைட்ரொக்சிகுளோரோகுயின் என்று இருந்தது. அது மலேரியாவுக்குக் கொடுக்கிற மருந்து என்று யாரோ சொன்னார்கள். "நமக்கு எங்க மலேரியா? இங்கிலீஸ் மருந்து சூடு, வயித்துப் பிள்ளைய கலைச்சிப் போடும், நிப்பாட்டு" என்று மாமியார் சொல்ல, அவளும் நிப்பாட்டிவிட்டாள். மாமியார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பேரப்பிள்ளை மேலுள்ள பாசத்தில் சொன்னார்.

அந்த மருந்து முதலில் மலேரியாவுக்குப் பயன்பட்டது உண்மைதான். இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று கொடுத்ததும் உண்மைதான். ஆனால் அதே மாத்திரை லூபஸ் வாச்சரை சாந்தப்படுத்தும் என்று வைத்தியர்கள் பல பத்து வருடங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். அது கர்ப்ப காலத்தில் எடுக்கக்கூடிய மருந்து. மற்ற மருந்துகளைப் போல வாச்சரைத் தூங்க வைப்பதும் இல்லை. நோய் திரும்பக் கிளம்பாமல் தடுப்பதால் ஸ்டீரொய்டின் அளவைக் குறைவாக வைத்திருக்கவும் உதவுகிறது. அதாவது அது தொற்றிலிருந்தும் காப்பாற்றுகிற மாத்திரை.

அதை நிறுத்தியதும் என்ன நடந்தது? ஐந்தாம் மாதம் மூட்டு வீங்கி, கன்னம் சிவந்து, நோய் கிளம்பியது. கிளினிக்கில் பிரெட்னிசொலோன் அளவைக் கூட்ட வேண்டி வந்தது. மாத்திரை நிறுத்தியதை அவள் பயத்தில் வைத்தியரிடம் சொல்லவில்லை. கூட்டிய ஸ்டீரொய்ட் நோயை அடக்கியது. கூடவே கிருமிக்குக் கதவையும் திறந்தது, காய்ச்சலையும் மூடியது. ஒரு மாத்திரையை நிறுத்தியதில் தொடங்கிய வினை ஆறாம் மாதம் அங்கே கொண்டுபோய் விட்டது.

ஆகவே மருந்து பற்றி நாலு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. வைத்தியர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. நிறுத்தியிருந்தால் ஏச்சுக்குப் பயப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள்.

2. பிரெட்னிசொலோனைத் திடீரென்று நிறுத்துவது மிகவும் ஆபத்து. அந்த மருந்தைப் போன்ற ஒரு சுரப்பை நமது உடம்பே உண்டாக்குகிறது. நாட்பட மாத்திரை எடுக்கும்போது உடம்பு அதை உண்டாக்குவதை நிறுத்திவிடுகிறது. மாத்திரையும் நின்றால் பிரஷர் விழுந்து ஆள் சாய்ந்துவிடுவார். தொற்று உள்ள நேரத்தில் உடம்புக்கு அது வழக்கத்தை விடக் கூடுதலாகவே தேவைப்படும். வாந்தி எடுத்து மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிரசவத்துக்குப் போகும்போதும் ஸ்டீரொய்ட் எடுக்கிறேன் என்று லேபர் ரூமில் முதலிலேயே சொல்ல வேண்டும்.

3. மைக்கோபீனொலேட், மெதோட்ரெக்ஸேட், சைக்ளோபொஸ்பமைட் என்ற மருந்துகள் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதவை. இவற்றை எடுப்பவர்கள் கர்ப்பம் தரிக்க முன்பே வைத்தியரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாற வேண்டும். நோய் குறைந்தது ஆறு மாதமாவது அடங்கி இருந்த பிறகு கர்ப்பம் தரிப்பதே தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது. அதுவரை என்ன குடும்பக் கட்டுப்பாட்டு முறை பொருந்தும் என்பதையும் அந்த வைத்தியரிடமே கேளுங்கள். தெரியாமல் கர்ப்பம் தரித்துவிட்டால் மறைக்க வேண்டாம். அடுத்த கிளினிக் நாள் வரை நிற்காமல் உடனே போங்கள்.

4. கடையிலோ பாமசியிலோ நீங்களாகவே கிருமி மருந்தும் வலி மாத்திரையும் வாங்கக் கூடாது. சல்பா வகை கிருமி மருந்து லூபஸ் உள்ளவர்கள் பலருக்கு ஒத்துக்கொள்ளாது, நோயைக் கிளப்பியும் விடும். டைக்ளோபெனாக், இபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் கெடுதி. எங்கே மருந்து எடுத்தாலும் "எனக்கு லூபஸ் இருக்குது, வயித்துல பிள்ளையும் இருக்குது" என்று முதலில் சொல்லுங்கள்.

எந்தெந்தத் தொற்றுகளைக் கவனிக்க வேண்டும்?

சிறுநீர்த் தொற்று: கர்ப்பிணிகளுக்கு அதிகம் வருவது இதுதான். சிலருக்கு எரிச்சல் கூட இருக்காது, ஆனாலும் கிருமி இருக்கும். ஆகவே கிளினிக்கில் சிறுநீர் கேட்டால் கொடுக்காமல் வராதீர்கள். எரிச்சல், அடிக்கடி போதல், ஒரு பக்கம் முதுகு அல்லது இடுப்பு வலி, கலங்கின சிறுநீர் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்துக்கு ஏறி, நாளுக்கு முன்னமே பிரசவ வலியையும் கொண்டு வரும்.

இங்கே நாங்கள் வெளிப்படையாக ஒன்று சொல்ல வேண்டும். மலையில் கக்கூஸ் வசதி இல்லாததால் நமது பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. வந்த சிறுநீரையும் அந்தி வரை அடக்குகிறார்கள். அந்தத் தங்கச்சியும் அப்படித்தான் செய்தாள். "ஆம்பளைங்க நிக்கிற எடத்துல எங்கங்கய்யா போறது" என்று அவள் கேட்ட கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. இது பெண்களின் பிழை அல்ல. வசதி செய்துகொடுக்க வேண்டியது நிர்வாகத்தினதும் எங்களினதும் பொறுப்பு. அதுவரையில் கர்ப்பிணிகளுக்கு லயத்துக்குக் கிட்டின மலையில் வேலை கொடுக்கும்படி கேட்டு வாங்குங்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் கேட்கிறோம்.

நெஞ்சுச் சளியும் நியூமோனியாவும்: இருமல், மூச்சு வாங்குதல், நெஞ்சுக் குத்து இருந்தால் தாமதிக்கக் கூடாது. அடைந்த காம்பராவில் விறகுப் புகையும் சேர்ந்தால் இன்னும் கெடுதி. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால் சளியைச் சோதிக்க வேண்டும். பழைய காசநோய்க் கிருமி உடம்பில் உறங்கிக் கிடந்தால், ஸ்டீரொய்ட் எடுக்கும் காலத்தில் அது விழித்துக்கொள்ளும். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள்.

அக்கியும் கொப்பளிப்பானும்: ஒரு பக்கமாக வரிசையாகக் கொப்புளம் போட்டு எரிந்தால் அது அக்கி. லூபஸ் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி வரும். காவி பூசிக்கொண்டு இருக்காமல் வைத்தியரிடம் போங்கள், நேரத்தோடு போனால் நல்ல மருந்து உண்டு. லயத்தில் பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருந்தால் கர்ப்பிணியை அந்தக் காம்பராப் பக்கம் விட வேண்டாம். தெரியாமல் பழகியிருந்தால், கொப்புளம் வரட்டும் என்று பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள். முன்னமே கொடுக்கக்கூடிய தடுப்பு மருந்து இருக்கிறது. நாள் போனால் அதன் பலன் குறைந்துவிடும்.

தோல் புண்: அட்டைக்கடி, தேயிலை வாது கிழித்த கீறல், சேற்றுப்புண் எல்லாம் நமக்குச் சாதாரணம். இவர்களுக்குச் சாதாரணம் அல்ல. சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, மூடி வையுங்கள். புண்ணைச் சுற்றிச் சிவந்து வீங்கினால் காட்டுங்கள். அட்டை கடித்த இடத்தைச் சொறியக் கூடாது. வெறுங்காலோடு நடக்கக் கூடாது. மண்ணிலிருந்து பாதம் வழியாக உள்ளே போகும் சில புழுக்கள் ஸ்டீரொய்ட் எடுப்பவரின் உடம்பில் பெருகிவிடும். கிளினிக்கில் பூச்சி மாத்திரை தந்தால் மறக்காமல் குடியுங்கள்.

பிரசவத்துக்குப் பிந்திய தொற்று: பிள்ளை பிறந்ததும் ஆபத்து முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். தையல் போட்ட இடம், கருப்பை, மார்பு ஆகியவற்றில் தொற்று வரலாம். நோயும் இந்த நேரத்தில் கிளம்பலாம். நாற்றமுள்ள வெள்ளைப் போக்கு, அடிவயிற்று வலி, மார்பு கட்டிச் சிவத்தல் இருந்தால் குடும்ப நல மருத்துவிச்சிக்கு உடனே சொல்லுங்கள். ஹைட்ரொக்சிகுளோரோகுயினும் பிரெட்னிசொலோனும் எடுத்துக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாம். பாலுக்காக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

நோயா, தொற்றா?

சிலர் கேட்பார்கள்: "லூபஸ் வருத்தத்துக்கே காய்ச்சல் வரும்னு சொல்றாங்களே, அப்ப இது எந்தக் காய்ச்சல்?"

கேள்வி சரியானது. நோய் கிளம்பினாலும் காய்ச்சல், மூட்டு வலி, சோர்வு வரும். தொற்று வந்தாலும் அவையே வரும். ஒன்றுக்கு வாச்சரை இன்னும் அடக்க வேண்டும். மற்றதுக்குக் கள்ளனைப் பிடிக்கக் கிருமி மருந்து வேண்டும். மாறிச் செய்தால் ஆபத்து. இதை நாங்களோ நீங்களோ தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. இரத்தம், சிறுநீர் சோதித்து வைத்தியர்தான் சொல்ல வேண்டும். ஆகவே "இது பழைய வருத்தம்தான்" என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

பனடோல் குடிக்கலாம். ஆனால் பனடோல் குடித்துச் சூடு இறங்கினதும் சுகம் என்று இருந்துவிடக் கூடாது. லூபஸ் உள்ள கர்ப்பிணிகள் பலருக்குப் பிரஷர் ஏறாமலிருக்கச் சிறிய அளவு அஸ்பிரினும் கொடுப்பார்கள். டெங்கு காய்ச்சலில் அஸ்பிரின் இரத்தக் கசிவைக் கூட்டும். எனவே காய்ச்சலோடு போகும்போது அஸ்பிரின் எடுப்பதையும் சொல்ல வேண்டும்.

தினமும் செய்யக்கூடியவை

பீலித் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துக் குடியுங்கள். மலைக்கும் ஒரு போத்தல் கொண்டு போங்கள். கால் வீக்கமோ சிறுநீரக வருத்தமோ உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பிட முன்னும், கக்கூசுக்குப் போய் வந்த பின்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். முட்டை, மீன், இறைச்சியை நன்றாக வேக வைத்துச் சாப்பிடுங்கள்.

மப்பு மழை இல்லாத நாளில் மலைநாட்டு வெயில் உறைக்கும். நீளக் கைச் சட்டையும் தலை மறைப்பும் போடுங்கள். வெயில் நோயைக் கிளப்பும், நோய் கிளம்பினால் ஸ்டீரொய்ட் கூடும், ஸ்டீரொய்ட் கூடினால் தொற்றுக்கு வழி திறக்கும்.

பல் சொத்தை, ஈறு வீக்கம் இருந்தால் பல் கிளினிக்கில் காட்டுங்கள்.

கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் போடும் ஏற்பு ஊசியைத் தவறவிடாதீர்கள். ஃபுளூ தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள், அது கர்ப்ப காலத்தில் போடக்கூடியது. ருபெல்லா, கொப்பளிப்பான் போன்ற உயிருள்ள கிருமி ஊசிகள் கர்ப்ப காலத்தில் போடக்கூடாதவை. அவை தேவையா என்று கர்ப்பத்துக்கு முன்பே கேட்டு வைக்க வேண்டும்.

இரண்டு கிளினிக் கொப்பிகளையும், அதாவது லூபஸ் கொப்பியையும் கர்ப்பிணி அட்டையையும், ஒரே பையில் வையுங்கள். எங்கே போனாலும் இரண்டும் கூடப் போக வேண்டும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

இதை வெட்டிக் காம்பராச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

1. 100 பாகைக்கு மேல் எந்தக் காய்ச்சலும்.
2. காய்ச்சல் இல்லாவிட்டாலும் குளிர் நடுக்கம்.
3. மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடப்பு.
4. ஒரு பக்க முதுகு, இடுப்பு வலி, சிறுநீர் எரிச்சல், சிறுநீர் குறைதல்.
5. வாந்தியால் மாத்திரை தங்காமை.
6. பேச்சுத் தடுமாற்றம், அளவுக்கு மீறிய தூக்கம்.
7. கொப்புளங்கள், சிவந்து பரவும் புண்.
8. பிள்ளை துடிப்புக் குறைதல், நீர் அல்லது இரத்தம் போதல், நாளுக்கு முன் வலி.
9. கடும் தலையிடி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல். இது பிரஷரின் அறிகுறி.
10. "என்னமோ சரியில்லை" என்று தாய் சொல்வது.

பத்தாவதைச் சிரிப்புக்குச் சேர்க்கவில்லை. அந்தத் தங்கச்சி வியாழக்கிழமை எங்களிடம் சொன்னது அதைத்தான்.

இரவோ பகலோ 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். பாதை மோசமென்றால் பெரிய பாதை வரை கொண்டுவரத் தோட்ட வாகனத்தைக் கேளுங்கள். எந்த நேரமானாலும் எங்கள் கதவைத் தட்டுங்கள்.

வீட்டாருக்கும் கங்காணிமாருக்கும்

மாமியார்மாரே, மருமகள் மாத்திரை குடிப்பது உங்கள் பேரப்பிள்ளைக்காகத்தான். சந்தேகம் இருந்தால் அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போய் வைத்தியரிடமே கேளுங்கள். புருசன்மாரே, தண்ணீர் எடுப்பதும் விறகு சுமப்பதும் இந்த மாதங்களில் உங்கள் வேலையாக இருக்கட்டும். கங்காணிமாரே, கிளினிக் நாளில் அவர் கேட்கும் லீவைத் தட்டாதீர்கள். அரைப் பேர் போய்விடும் என்ற பயத்தில் கிளினிக்கைத் தவறவிட்ட தாய்மார் எத்தனையோ பேர்.

எங்கள் அலுவலகத்திலும் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். லூபஸ் உள்ள கர்ப்பிணி யாராவது "சரியில்லை" என்று வந்தால் நாங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. வாகனத்துக்குச் சொல்லுகிறோம்.

அந்தத் தங்கச்சி பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்துக்கொண்டாள். நிறுத்திய மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார்கள். டிசம்பர் நடுவில், எட்டு மாதத்தில், பெண் பிள்ளை பிறந்தது. ஒரு கிலோ ஒன்பது நூறு கிராம். சில வாரம் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்த்தார்கள். இப்போது அந்தப் பிள்ளை பிள்ளை மடுவத்தில் ஓடித் திரிகிறது. மருமகளுக்குக் காலையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? அதே மாமியார்தான்.

எல்லாருக்கும் அப்படி நல்லபடியாக முடியும் என்று சொல்ல முடியாது. இரண்டு நாள் முந்தியிருந்தால் அந்தப் பதினாறு நாளும் தேவைப்பட்டிருக்காது. இதை வாசித்து முடித்ததும், வாசிக்கத் தெரியாத பக்கத்துக் காம்பரா அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
நலன்புரி உத்தியோகத்தர்